அருகிருப்போர்

மருத்துவத்தைப் பற்றிப் பத்துக் குறள் பாடிய வள்ளுவர், அந்த அதிகாரத்தை முடிக்கும் இடத்தில், வைத்தியத்துக்கு அங்கங்கள் நான்கு என்று கணக்கிட்டு வைத்தார்: நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, இவற்றோடு நோயாளியின் பக்கத்திலிருந்து வேளை தவறாமல் பார்த்துக்கொள்பவன் ஒருவன். சரகரும் தம் சம்ஹிதையில் இந்த நான்கையே சிகிச்சையின் நான்கு பாதங்களாக வகுத்திருக்கிறார். முதல் மூன்றுக்கும் நம் காலத்தில் குறைவில்லை. நோயாளிகள் பெருகியிருக்கிறார்கள், வைத்தியர்கள் ஒவ்வோர் அவயவத்துக்கும் ஒருவராகப் பிரிந்திருக்கிறார்கள், மருந்துக் கடைகளோ தெருவுக்கு இரண்டாக விளக்கெரிய நிற்கின்றன. நான்காமவனுக்கு மட்டும் நம் ஆஸ்பத்திரிகள் கொடுத்திருப்பவை தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சியும், சட்டைப் பையில் ஓர் அநுமதிச் சீட்டும், ‘உடன் இருப்பவர் வெளியே போங்கள்’ என்ற அதட்டலுமே. அந்த நான்காமவன் பெரும்பாலும் நான்காமவளாக இருப்பதனால், அவளுடைய பங்கு இன்னதென்று யாரும் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

‘இனி எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்’ என்று பெரிய ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்ட பிறகு, அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடக்கும் விஷயங்களை ஊர் அறியாமல் இருப்பதில்லை, இரவில் கேட்கும் முனகல் அடுத்த வீட்டுக்கும் கேட்கத்தான் செய்கிறது. துக்கம் விசாரிக்கப் போகும் சம்பிரதாயம் நம்மிடம் குறைவற இருக்கிறது. துக்கம் நேர்வதற்கு முந்திய ஆறு மாதங்களில் அந்த வாசலை மிதிப்பதற்குத்தான் நமக்குக் கால் எழுவதில்லை. என்ன பேசுவது என்ற கூச்சமும், பேசினால் பணம் கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்து நம்மை எதிர்ப்பக்கமாக நடக்க வைக்கின்றன. இந்தக் கூச்சத்தையும் பயத்தையும் ஒரு பிரதேசத்து ஜனங்கள் பெருந்தொகையாக, பயிற்சியினாலும் பழக்கத்தினாலும், வென்று காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிரதேசம் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வரும் மலபார்தான் அது.

கதை கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் ஆரம்பிக்கிறது. மயக்க மருந்து நிபுணரான டாக்டர் எம். ஆர். ராஜகோபால் அங்கே பணிபுரிந்துகொண்டிருந்த காலத்தில், கொடிய வலியோடு புற்றுநோயாளி ஒருவர் அவரிடம் அனுப்பப்பட்டார். அவர் ஒரு கல்லூரி ஆசிரியர். ஊசி போட்டு நரம்பைத் தடுத்து வலியை நிறுத்தும் வித்தையில் தேர்ந்தவரான ராஜகோபால், நோயாளியின் வலியை மட்டும் கவனித்தார். நோய் குணமாகாத கட்டத்தை எட்டிவிட்டது என்பது அவர்களுடைய பேச்சிலே வெளிப்பட்டது. அன்றிரவே அந்த ஆசிரியர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வைத்திய சாஸ்திரப்படி எந்தப் பிழையும் செய்யாத ஒரு வைத்தியருக்கு இதைவிடக் கடுமையான தண்டனை இருக்க முடியாது. நரம்பைப் பார்த்தோம், நரம்புக்கு உரியவனைப் பார்க்கவில்லை என்ற உறுத்தலே தம்மை வேறு வழியில் திருப்பிவிட்டதென்று பிற்காலத்தில் அவர் பல இடங்களில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வேறு வழிக்கு இங்கிலாந்தில் ஏற்கெனவே ‘பாலியேட்டிவ்’ சிகிச்சை என்று ஒரு பெயர் இருந்தது. தாதியாகத் தொடங்கி, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, சமூக ஊழியராகி, பின்பு வைத்தியமும் படித்துப் பட்டம் பெற்ற சிஸிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் விடுதியைத் திறந்து, மரணத்தை நெருங்கியவரின் வலி சரீரத்தோடு முடிவதில்லை என்றும், மனத்தின் வலி, குடும்பத்தின் வலி, ஆத்மாவின் வலி எல்லாம் பின்னிக் கிடக்கும் முழு வலி அது என்றும் நிறுவிக் காட்டினார். ‘பாலியேட்டிவ்’ என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் பதத்துக்கு மேலாடை என்று பொருள். நோயை வேரோடு களைய முடியாத இடத்தில், நோயாளியின்மேல் ஒரு போர்வையையாவது போர்த்துவது என்ற கருத்து. மலையாளத்தில் ‘சாந்த்வன பரிசரணம்’ என்று அழகான சம்ஸ்கிருதத் தொடர் ஒன்று வழங்குகிறது. ஆனால் மலபார் கிராமங்களில் கூலிக்காரர் முதல் முதலாளி வரை எல்லோர் வாயிலும் புழங்குவது ‘பாலியேட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்தான். அகராதிச் சொல்லை ஜனங்கள் ஒதுக்கிவிட்டு அந்நியச் சொல்லை வீட்டுச் சொல்லாக்கிக்கொள்வது மொழிப்பற்றுள்ளவர்க்கு வருத்தமளிக்கலாம். என் அபிப்பிராயத்தில், ஒரு காரியம் ஜனங்களுடைய சொந்தக் காரியமாகிவிட்டது என்பதற்கு அதுவே நல்ல அத்தாட்சி.

1993-இல் ராஜகோபாலும், அவருடைய சகாவான டாக்டர் சுரேஷ் குமாரும், வைத்தியரல்லாத ஒரு நண்பரும் முன்னின்று ‘வலி மற்றும் சாந்த்வன பரிசரணச் சங்கம்’ என்ற ஸ்தாபனத்தைப் பதிவு செய்தார்கள். அந்த மூன்றாமவர் வைத்தியரல்லாதவராக இருந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றைப் பார்க்கும்போது, சங்கத்தின் ஜாதகமே அந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருந்ததாகத் தோன்றுகிறது. மருத்துவக் கல்லூரியில் வெளிநோயாளர் பிரிவாகத் தொடங்கிய அந்தச் சேவையை, இரண்டே ஆண்டுகளில், வளரும் நாடுகளுக்கு முன்மாதிரி என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1995-இல் அங்கீகரித்தது.

அங்கீகாரம் வந்துவிட்டதே தவிர, நோயாளிகள் வர முடியவில்லை. படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத ஒருவரை, ஜீப்பு பிடித்து, இரண்டு பேர் துணையோடு, மலைச்சரிவுக் கிராமத்திலிருந்து கோழிக்கோட்டுக்குக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவில் ஓர் ஏழைக் குடும்பம் பல நாள் கஞ்சி குடிக்கலாம். நெடுந்தூரம் குலுங்கி வந்து மருந்து வாங்கிப் போகிறவருக்கு, வந்த பிரயாணமே ஒரு நோய். ஆகவே ஆங்காங்கே கிளைகள் வைப்பது என்றும், வீட்டுக்கே போவது என்றும் முடிவு செய்தார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் வைத்தியர்களுக்கு உண்மையான அதிர்ச்சி காத்திருந்தது. கோழிக்கோட்டில் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. அவற்றை விழுங்குவதற்கு முன் வயிற்றில் போட ஓர் உருண்டை சோறு இல்லை. சம்பாதித்தவர் படுத்துவிட்டதனால் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து நின்றிருந்தான். புண்ணின் துர்நாற்றத்தினால் அக்கம்பக்கத்தார் வருவதை நிறுத்தியிருந்தார்கள். இவற்றில் எதற்கு மருந்துச் சீட்டு எழுதுவது?

தீராத நோய் என்பது வைத்தியப் பிரச்னை, அதற்குச் சமூகப் பக்கம் ஒன்று உண்டு என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். அது சமூகப் பிரச்னை, அதற்கு வைத்தியப் பக்கம் ஒன்று உண்டு என்று எண்ண வேண்டும் என்பது சுரேஷ் குமார் அந்த வீடுகளிலிருந்து கற்றுக்கொண்டு வந்து, இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கும் சித்தாந்தம். சொல்லளவில் இது ஒரு திருப்பிப்போடல்தான். நடைமுறையில் எடுத்துக்கொண்டால், வைத்தியர் தலைவராகவும் ஊரார் உதவியாளராகவும் இருந்த ஏற்பாட்டைக் குலைத்து, ஊரார் ஸ்தாபனத்தை நடத்த, வைத்தியரும் தாதியும் அவர்களிடம் ஊதியம் பெற்று வேலை செய்யும் ஏற்பாட்டை அது கொண்டுவந்தது. இந்த அடிப்படையில்தான், இந்த நூற்றாண்டு பிறக்கும் தருணத்தில், மலப்புரம் ஜில்லாவில் சில அமைப்புகள் கூடி அண்டை அயலார் வலைப்பின்னல் என்று பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கத்தைத் தொடங்கின. நிலம்பூர், மஞ்சேரி போன்ற ஊர்களில் முளைத்த கிளைகள், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வடகேரளமெங்கும் 60-க்கும் மேலாயின.

ஏன் அந்த ஜில்லா, ஏன் அந்த வருஷங்கள் என்று கேட்கத் தோன்றும். கேரளத்தார் இயல்பாகவே தர்ம சிந்தனை உள்ளவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது உண்மையானால் அதற்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே இது நடந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. 1991 ஏப்ரல் 18-ஆம் தேதி, கோழிக்கோடு மானாஞ்சிற மைதானத்தில், முதுமையில் எழுத்துப் படித்த சேலக்கோடன் ஆயிஷா என்ற மலப்புரத்து முஸ்லிம் மூதாட்டி மேடையேறி, கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று பிரகடனம் செய்தார். அந்தப் பிரகடனத்துக்குப் பின்னால், சம்பளமில்லாமல் வீடு வீடாக ஏறி இறங்கி, திண்ணையில் உட்கார்ந்து, அந்நிய வீட்டாரோடு பேசிப் பழகிய ஆயிரக்கணக்கான வாலிபர்களும் பெண்களும் இருந்தார்கள். எழுத்தறிவு இயக்கம் முடிந்தது. வீடு ஏறிப் பழகிய அந்தக் கால்கள் முடங்கிவிடவில்லை. 1996-இல் தொடங்கிய ஜனகீயத் திட்டமிடல் இயக்கம், ஊர்க் காரியத்தை ஊரே கூடிப் பேசும் வழக்கத்தை மேலும் உறுதிப்படுத்தியது. கிராமந்தோறும் வாசகசாலை, வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம், அதில் ஒரு பங்கு எளியவருக்கு உரியது என்னும் இஸ்லாமிய தர்மம் எல்லாம் சேர்ந்து உழுதுவைத்த நிலத்தில்தான் இந்த விதை விழுந்தது.

இந்த இயக்கத்தில் தொண்டராக விரும்புகிறவர் வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டும். அவருக்குப் 16 மணி நேரம் பாடம். அதன் பின் அநுபவமுள்ளவர்களோடு நான்கு நாள் நோயாளிகளைச் சந்திக்கும் பயிற்சி. பாடம் என்றால் கரும்பலகைப் பாடமாக எண்ண வேண்டாம்; ஒருவர் நோயாளியாக, மற்றொருவர் பார்க்கப் போகிறவராக நடித்துப் பார்த்துக் கற்கும் பாடம். அதில் மிகக் கடினமானது பேசாமல் இருக்கும் வித்தை. நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் ‘ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லாமல் நாக்கை அடக்கிக்கொள்வது எவ்வளவு பெரிய தவம் என்பதை, நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பழத்தோடு போய்த் திரும்பிய நாம் எல்லோரும் அறிவோம். பயிற்சி முடித்தவர் தம் தெருவில் யார் படுத்திருக்கிறார் என்று கண்டறிவார், தாதியோடு வீட்டுக்குப் போவார், கணக்கு எழுதுவார், நிதி திரட்டுவார். சிகிச்சை தாதியின் கையில், வைத்தியரின் மேற்பார்வையில். மற்றதெல்லாம் இவர் கையில்.

இந்த இருவர் கையிலும் என்னென்ன அடங்கும் என்பதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் நோயாளியை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று மனைவிக்குக் கற்றுக்கொடுப்பது. முன்பே வந்துவிட்ட புண்ணில் நாற்றம் அடங்க, மெட்ரோனிடஸோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்லிக்கொடுப்பது. மூத்திரக் குழாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பழக்குவது. இவை தாதி செய்வன. அந்த வீட்டுக்கு அரிசியும் பருப்பும் தவறாமல் போய்ச் சேரும்படி மளிகைக் கடைக்காரரிடம் பேசுவதும், ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகமும் சீருடையும் வாங்கித் தருவதும், மழைக்கு ஒழுகும் கூரையைப் பிரித்து வேய ஆள் சேர்ப்பதும், முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போன இளைஞனுக்குக் குடை கட்டவும் காகிதப் பை செய்யவும் கற்றுக்கொடுத்து விற்றுத் தருவதும் தொண்டர் செய்வன. புற்றுநோய்க்கென்று ஆரம்பித்த காரியம், இப்படியே பக்கவாதக்காரரையும், சிறுநீரகம் கெட்டவரையும், முதுமையால் கட்டிலோடு ஒட்டிப்போனவரையும், நாட்பட்ட மனநோயாளரையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. வலி யாருக்கு என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போக முடியாதல்லவா?

நிதி பெரும்பாலும் சில்லறையாகவே வந்தது. சாயாக்கடை மேஜையில் ஓர் உண்டியல், மருந்துக் கடையில் ஓர் உண்டியல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிட்டாய்க்கு வைத்திருந்த காசு. பஸ் தொழிலாளிகள் ஒரு நாள் வசூலித்துக் கொடுத்த தொகை. சந்தையில் மீன் விற்பவர் தினம் போடும் நாணயம். வெளியார் அறக்கட்டளைகளின் உதவி இல்லாமலில்லை. ஆனால் பெரிய தனவந்தர் ஒருவர் தரும் லட்சத்தைக் காட்டிலும் ஆயிரம் பேர் தரும் நூறு ரூபாயையே கிளைகள் விரும்பின. உண்டியலில் காசு போட்டவன் அந்த ஸ்தாபனத்தைப் பற்றி விசாரிப்பான், குறை சொல்வான், தன் வீட்டில் ஒருவர் விழுந்தால் கூச்சமில்லாமல் கூப்பிடுவான் என்பது அவர்கள் கண்ட இரகசியம். தர்மம் வாங்குகிறோம் என்ற தாழ்வு, தானும் கொடுத்திருக்கிறவனுக்கு வருவதில்லை.

இவ்வளவு இருந்தும், மார்ஃபின் இல்லாமல் காரியம் நடவாது. புற்றுநோயின் கடும் வலிக்கு வாய் வழியே கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை, விலை மலிவானதும் நம்பத் தக்கதுமான மருந்து. அதை வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த வேளையில் கொடுத்து வந்தால் வலி தலைதூக்காது. அந்த மருந்துக்கு மூலமான அபினை அரசாங்க அநுமதியோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிரிட்டு உலகத்துக்கெல்லாம் அனுப்பிவைக்கும் தேசம் நம்முடையது. அப்படியிருக்க, போதைப்பொருள் கடத்தலைத் தடுப்பதற்காக 1985-இல் வந்த சட்டம், நோயாளிக்கும் கள்ளக்கடத்தல்காரனுக்கும் வித்தியாசம் பாராமல் கதவடைத்தது. ஓர் ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கி வைத்துக்கொள்ள நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. நான்காவது கைக்கு வருவதற்குள் முதலாவது காலாவதியாகும். சிறைக்கு அஞ்சி மருந்துக் கடைக்காரர்கள் அதைக் கையால் தொடுவதையே விட்டார்கள். சட்டம் வருவதற்கு முன் வருஷத்துக்குப் பல நூறு கிலோவாக இருந்த மார்ஃபின் உபயோகம், 1997-இல் இத்தனை கோடி ஜனங்களுள்ள தேசத்தில் 18 கிலோவாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருஷங்களில் எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகள் கழிந்திருக்கும் என்பதற்கு அரசாங்கத்தில் புள்ளிவிவரம் கிடையாது.

ராஜகோபாலின் பெரும் பிரயத்தனம் இந்தக் கதவைத் திறப்பதிலே சென்றது. 1998-இல் மத்திய அரசு உரிமங்களை எளிமையாக்கும் மாதிரி விதியொன்றை மாநிலங்களுக்கு அனுப்பியபோது, அதை முந்தி ஏற்ற சில மாநிலங்களில் கேரளமும் ஒன்று. பாராளுமன்றம் சட்டத்தையே திருத்துவதற்கு 2014 ஆயிற்று. இதற்கிடையில் அவர் கோழிக்கோட்டை விட்டு நீங்கி, 2003-இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’ என்ற ஸ்தாபனத்தை நிறுவி, தேசம் முழுவதிலும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் இந்தக் கலையைப் பயிற்றுவிக்கலானார். 2018-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வந்தது. சுரேஷ் குமார் கோழிக்கோட்டிலேயே இருந்து, சாந்த்வன மருத்துவ நிலையத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, ஜன இயக்கத்தின் பக்கம் நின்றார்.

ஊராரை முன்னே நிறுத்தியதில் எல்லோருக்கும் சம்மதம் இருந்ததென்று சொல்ல முடியாது. கிளைகளின் எண்ணிக்கை பெருகப் பெருகச் சிகிச்சையின் தரம் குறைகிறது, நல்லெண்ணம் மட்டும் உள்ளவர் வைத்தியத்தில் தலையிடுகிறார் என்ற ஆட்சேபம் வைத்தியர்களிடமிருந்தே எழுந்தது. ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. மார்ஃபின் அளவு தெரியாத அன்பு ஆபத்தானது. ஆனால் தரமான சிகிச்சை நூற்றில் ஒருவருக்கும், எந்தச் சிகிச்சையும் இல்லாமை மீதித் தொண்ணூற்றொன்பது பேருக்கும் என்ற நிலையை எந்த அளவுகோலால் தரம் என்று அளப்பது என்பதற்கு ஆட்சேபித்தவர்களிடமும் பதில் இல்லை. வெற்றிக்கு இன்னொரு விலையும் கொடுக்க நேர்ந்தது. முதல் நாட்களில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே வண்டியில் ஏறி ஒரே நோயாளியைப் பார்க்கப் போனார்கள். ‘பாலியேட்டிவ்’ என்ற பெயருக்கு ஊரில் மதிப்பு ஏறிய பின், கட்சிகளும் மத ஸ்தாபனங்களும் தத்தம் கொடியோடு தனித்தனி அமைப்புகள் தொடங்கிவிட்டன. ஒரு நோயாளிக்கு இரண்டு கட்சிகள் போட்டி போடுவது ஒருவரும் வராததைவிட மேல் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரே வண்டியை நினைத்தால் எனக்கென்னவோ மனம் சமாதானமடையவில்லை.

2008 ஏப்ரலில் கேரள அரசு வலி நிவாரணத்துக்கும் சாந்த்வன பரிசரணத்துக்கும் என்று தனிக் கொள்கையை வெளியிட்டது. இந்தியாவில் எந்த மாநிலமும் அதற்கு முன் செய்யாத காரியம். அதன்படி பஞ்சாயத்துகள் தத்தம் எல்லைக்குள் இதற்கென்று பயிற்சி பெற்ற தாதி ஒருவரை நியமித்து வீட்டுச் சேவையை நடத்தலாயின. தொண்டர்கள் தோளில் சுமந்ததை அரசு வண்டியில் ஏற்றிக்கொண்டது. வண்டி வேகமாகப் போகும். தோளுக்கு உள்ள உணர்ச்சி வண்டிக்கு உண்டா என்ற கேள்வி அன்று முதல் அங்கே விவாதிக்கப்பட்டு வருகிறது. 2010-இல், லண்டன் ஆராய்ச்சியாளர்கள், மரணத் தறுவாயில் மனிதர் எவ்விதம் நடத்தப்படுகிறார்கள் என்று 40 நாடுகளை வரிசைப்படுத்தியபோது இந்தியாவுக்குக் கடைசி இடம் கிடைத்தது. அதே அறிக்கை, தேசத்தின் ஜனத்தொகையில் நூற்றுக்கு 3 பங்கே உள்ள கேரளம், தேசத்திலுள்ள இந்தச் சேவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்று தனித்துக் குறித்தது. 2022-இல் ‘லான்ஸெட்’ மருத்துவப் பத்திரிகை, மரணத்தின் மதிப்பைப் பற்றி அமைத்த குழுவின் அறிக்கையும் கேரளத்தையே உலகுக்கு எடுத்துக்காட்டியது. கணவாய்க்கு இப்பால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதே சேவையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. இங்கே அரசு முதலில் வந்திருக்கிறது, அண்டை வீட்டார் இனிமேல்தான் வர வேண்டும்.

ஜனவரி 15-ஆம் தேதியைக் கேரளத்தார் சாந்த்வன பரிசரண தினமாக அநுசரிக்கிறார்கள். அன்று பள்ளிக்கூடங்களிலும் கடைத்தெருக்களிலும் உண்டியல்கள் சுற்றி வரும். ஆனால் கிளைகளுக்குத் தொண்டர் கிடைப்பது அந்த ஊர்வலத்தினால் மட்டும் அன்று. ஒரு வீட்டில் நோயாளி காலமான சில வாரங்களுக்குப் பின், இரவலாக வாங்கிப்போன தண்ணீர் மெத்தையையும் சக்கர நாற்காலியையும் துடைத்து எடுத்துக்கொண்டு அவ்வீட்டார் கிளை அலுவலகத்துக்கு வருவார்கள். அங்கே இருப்பவர்கள் கணக்குப் புத்தகத்தில் சாமான் திரும்பிவிட்டது என்று குறித்துக் கையெழுத்து வாங்குவார்கள். வந்தவர் உடனே போய்விடுவதில்லை. அடுத்த பயிற்சி வகுப்பு என்றைக்கு என்று கேட்டு, அதே மேஜையில் இருக்கும் வேறொரு நோட்டிலும் தம் பெயரை எழுதிவிட்டுப் போவதுண்டு.